நிழலைக் கையோடு கொண்டு போனவர்கள்



புத்தாண்டு மலர் என்றால் மங்களகரமான விடயங்களை எழுத வேண்டும் என்பது எங்கடை வழக்கம். மருத்துநீர், கைவிசேடம், நாள் நட்சத்திரம் பற்றி எழுத எங்கள் சங்கத்தில் எத்தனையோ பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் இம்முறை இருட்டைப் பற்றி எழுதப் போகிறேன். கோபிக்க வேண்டாம். வாசித்து முடித்த பிறகு, இது எங்களுக்கும் சம்பந்தமான வரலாறுதான் என்று ஒத்துக்கொள்வீர்கள் என நினைக்கிறேன்.

1940களிலும் 50களிலும் அமெரிக்காவில் வந்த ஒருவகைக் கறுப்பு வெள்ளைப் படங்களை 'பிலிம் நுவார்' என்பார்கள். மழையில் நனைந்த தெரு, தொப்பியும் நீளக் கோட்டும் போட்ட ஒருவன், நம்புவதா விடுவதா என்று தெரியாத ஒரு பெண், எங்கோ ஒரு துப்பாக்கிச் சூடு. ரீவியில் நடுச்சாமத்தில் போகும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். எண்பது வருடம் கழிந்தும் இந்தப் பாணி சாகவில்லை. நாவலாக வருகிறது, புதுப் படமாக வருகிறது, எமது பிள்ளைகள் விளையாடும் கொம்பியூட்டர் விளையாட்டாகவும் வருகிறது. அப்படி என்னதான் இருக்கிறது இதிலே?

இதற்குப் பலர் பல காரணம் சொல்லுவார்கள். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. இந்தப் பாணியை உருவாக்கியவர்களில் பெரும் பங்கினர் அகதிகள். அதுவும், நாங்கள் அசூல் கேட்டு வந்த இதே ஜேர்மனியில் இருந்து உயிர் தப்பி ஓடியவர்கள்.

பெயர் வந்த கதை

பெயரை வைத்தவர்கள் அமெரிக்கர் இல்லை, பிரெஞ்சுக்காரர். 1940 முதல் 1944 வரை பாரிஸ் நாசிகளின் பிடியில் இருந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்கப் படங்கள் அங்கே வரவில்லை. போர் முடிந்து 1946 கோடையில் எல்லாப் படங்களும் மொத்தமாக வந்து இறங்கின. 'மோல்ட்டீஸ் பல்கன்', 'லோரா', 'டபிள் இன்டெம்னிற்றி' போன்றவை ஒன்றன் பின் ஒன்றாகத் திரையிடப்பட்டன. வருடத்துக்கு ஒன்றாகப் பார்த்திருந்தால் கவனித்திருக்க மாட்டார்கள். ஒன்றாகப் பார்த்தபோதுதான், அமெரிக்கப் படங்களுக்கு என்னவோ நடந்துவிட்டது, முகம் கறுத்துவிட்டது என்று தெரிந்தது. நீனோ பிராங் என்ற விமர்சகர் அந்த ஆண்டே இவற்றைப் 'பிலிம் நுவார்', அதாவது கறுப்புப் படம், என்று எழுதினார். 1945இல் பாரிசில் 'செரி நுவார்', கறுப்பு வரிசை, என்ற பெயரில் குற்ற நாவல்கள் வரத் தொடங்கியிருந்தன. 1955இல் போர்ட், ஷோமெத்தோன் என்ற இருவர் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்கள். அந்தப் படங்களை எடுத்தவர்களுக்கு, தாங்கள் 'நுவார்' எடுக்கிறோம் என்று அப்போது தெரியாது. குற்றப் படம் என்றுதான் எடுத்தார்கள்.

பேர்லினில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இனி ஜேர்மனிக்கு வருவோம். 1930இல் பேர்லினில் 'மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமையில்' என்ற ஒரு சிறிய படம் வெளிவந்தது. நடிகர்கள் இல்லை. ஒரு ராக்ஸி ஓட்டுநர், வைன் விற்பவர், இசைத்தட்டுக் கடையில் வேலை செய்யும் பெண் என்று சாதாரண ஆட்களே நடித்தார்கள். ஞாயிறு வருகிறது, ஏரிக்குப் போகிறார்கள், குளிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், திங்கள் வேலைக்குத் திரும்புகிறார்கள். அவ்வளவுதான் கதை. முழுப் படமும் வெயில்.

அதை எடுத்த இளைஞர்களைப் பாருங்கோ. றொபேர்ட் சியொட்மாக், அவரது தம்பி கேர்ட், எட்கார் உல்மர், பில்லி வைல்டர், பிரெட் சின்னமன், ஒளிப்பதிவாளர் ஒய்கன் ஷூப்ற்றான். இவர்கள் எல்லோருமே பின்னர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே சியொட்மாக் 'த கில்லர்ஸ்' எடுத்தார் (1946). உல்மர் 'டீற்றூர்' எடுத்தார் (1945). வைல்டர் 'டபிள் இன்டெம்னிற்றி' எடுத்தார் (1944). வெயிலைப் படம் பிடித்த அதே கைகள் பதினைந்து வருடத்தில் இருட்டைப் படம் பிடித்தன. இடையில் நடந்தது 1933.

வைல்டர் யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பாரிசுக்கு ஓடினார். 1934இல் அமெரிக்கா. விருந்தாளி விசா முடிந்ததும் மெக்சிக்கோவுக்குப் போய் அங்கிருந்த அமெரிக்க கொன்சுலேற்றில் குடிவரவு விசா கேட்க வேண்டியிருந்தது. கையில் போதிய பத்திரம் இல்லை. அதிகாரி இவரை ஏற இறங்கப் பார்த்து, என்ன தொழில் என்று கேட்டாராம். படத்துக்கு எழுதுகிறேன் என்றாராம். அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நல்ல படமாக எழுது என்று சொல்லி முத்திரையைக் குத்தினாராம். 1988இல் ஒஸ்கார் மேடையில் கௌரவ விருது வாங்கியபோது வைல்டர் இதைச் சொல்லி, பெயர் தெரியாத அந்த அதிகாரிக்கு நன்றி சொன்னார். ஒரு முத்திரையின் பெறுமதி எங்களுக்குத் தெரியாததா? ஆனால் அவருடைய தாய் வெளியே வரவில்லை. நாசிகள் கொன்றுவிட்டார்கள்.

பிறிட்ஸ் லாங் இவர்களை விட மூத்தவர், ஏற்கெனவே புகழ் பெற்றவர். 'மெட்றோபொலிஸ்' (1927), 'எம்' (1931) அவருடையவை. 1933 மார்ச்சில் அவருடைய 'டொக்டர் மபூசேயின் உயில்' தடை செய்யப்பட்டது. கொயபெல்ஸ் தன்னைக் கூப்பிட்டு ஜேர்மன் சினிமாவுக்குத் தலைமை தாங்கச் சொன்னதாகவும், அன்றிரவே ரயில் ஏறிவிட்டதாகவும் லாங் பிற்காலத்தில் சொல்லி வந்தார். அவருடைய பாஸ்போட்டைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், அந்த ஆண்டு அவர் பல தடவை எல்லையைத் தாண்டிப் போய் வந்த முத்திரைகளைக் கண்டார்கள். கடைசியாக வெளியேறியது யூலை இறுதியில். இதை வைத்து லாங்கைப் பொய்யர் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பல மாதத் தடுமாற்றத்தை ஒரே இரவாகச் சுருக்கிச் சொல்லுவது புலம்பெயர்ந்தவன் எல்லோரும் செய்கிற காரியம். கேட்கிறவனுக்குப் பொறுமை இருப்பதில்லை.

'எம்' படத்தில் கொலைகாரனாக நடித்த பீற்றர் லோரையும் யூதர், 1933இல் வெளியேறியவர். 1940இல் நாசிகள் யூதருக்கு எதிராக எடுத்த பிரசாரப் படமொன்றில், 'எம்' படத்துக் கொலைகாரனின் வாக்குமூலக் காட்சியை வெட்டி ஒட்டி, இவன்தான் யூதன் எண்டு காட்டினார்கள். ஒரு நடிகனின் நடிப்பே அவனுடைய இனத்துக்கு எதிரான சாட்சியாக மாறியது.

விளக்கும் நிழலும்

இவர்கள் கொண்டுபோன பெட்டிக்குள் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் தொழில் இருந்தது. 1920இல் வந்த 'டொக்டர் கலிகாரி' படத்தில் நிழல்களைத் துணியிலேயே தீட்டி வைத்தார்கள். மனதில் இருக்கும் பயத்தைச் சுவரில் காட்டும் ஜேர்மன் முறை அது.

ஹொலிவூட்டில் வழக்கமாக முகத்துக்கு ஒரு பிரதான விளக்கும், அதனால் விழும் நிழலைக் கரைக்க இன்னொரு விளக்கும் வைப்பார்கள். அந்த இரண்டாவது விளக்கைக் குறைத்தாலோ அணைத்தாலோ முகத்தின் பாதி இருண்டுவிடும். சன்னல் பட்டிகளுக்கு வெளியே விளக்கை வைத்தால் அறைக்குள் நிற்பவன் மேல் சிறைக் கம்பி மாதிரிக் கோடு விழும். போர்க்காலத்தில் புதிய அரங்கு கட்டக் கட்டுப்பாடு இருந்தது. இருட்டாக எடுத்தால் அரங்கு பாதி போதும். உல்மர் 'டீற்றூர்' படத்தில் நியூயோர்க் தெருவை ஏறக்குறையப் புகைமூட்டத்தாலும் ஒரு தெருவிளக்காலுமே காட்டிவிட்டார். ஹங்கேரியில் பிறந்த ஜோன் அல்ற்றன் என்ற ஒளிப்பதிவாளர் இதில் மன்னர். 1949இல் 'ஒளியால் ஓவியம்' என்று பொருள்படும் தலைப்பில் புத்தகமும் எழுதினார்.

அகதிகள் மட்டும்தான் நுவாரைச் செய்தார்கள் என்று சொன்னால் அது பொய். கதைகள் அமெரிக்க மண்ணில் விளைந்தவை. டஷீல் ஹமெற் பிங்கேட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை செய்தவர். 'பிளாக் மாஸ்க்' என்ற மலிவுச் சஞ்சிகையில் எழுதத் தொடங்கி, 1930இல் 'மோல்ட்டீஸ் பல்கன்' நாவலை வெளியிட்டார். றேமண்ட் சாண்ட்லர் எண்ணெய்க் கம்பனி வேலையை 1932இல் இழந்து, நாற்பத்தைந்து வயதில் முதல் துப்பறியும் கதையை எழுதினார். 1939இல் 'பிக் ஸ்லீப்' வந்தது. அதுவரை துப்பறியும் கதை என்றால் பெரிய வீட்டில் கொலை, கெட்டிக்காரத் துப்பறிவாளர், கடைசியில் எல்லாம் ஒழுங்காகிவிடும். இவர்களுடைய கதையில் கொலைகாரனைப் பிடித்தாலும் ஊர் திருந்தாது. பொலிசும் கை நீட்டும், நீதவானும் விலைபோவார். துப்பறிவாளன் அடி வாங்கிக்கொண்டு, தன் மனச்சாட்சியை மட்டும் விற்காமல் வீட்டுக்குப் போவான். அமெரிக்கர் எழுதிய இந்தக் கசப்பும், ஐரோப்பிய அகதிகள் கொண்டுவந்த இருட்டும் சந்தித்த இடம்தான் நுவார்.

வாக்குமூலம் சொல்லும் மனிதன்

இனித்தான் முக்கியமான விடயம். 'டபிள் இன்டெம்னிற்றி' எப்படித் தொடங்குகிறது? காப்புறுதி முகவர் ஒருவன் குண்டடிபட்ட தோளோடு நடு இரவில் அலுவலகத்துக்கு வந்து, குரல் பதியும் கருவிக்கு முன்னால் இருந்து நடந்ததைச் சொல்லத் தொடங்குகிறான். முழுப் படமும் அவனுடைய வாக்குமூலம். வைல்டரின் 'சன்செற் பூலவார்ட்' (1950) படத்தில் கதை சொல்பவன் நீச்சல் குளத்தில் மிதக்கும் பிணம். நுவார் படங்கள் பல இப்படித்தான். ஒருவன் இருந்து, என்ன நடந்தது, எப்படி இங்கே வந்து சேர்ந்தேன் என்று பின்னோக்கிச் சொல்லுகிறான்.

அகதி விசாரணைக்குப் போய் வந்த எங்களுக்கு இந்த அமைப்பு புதிதா? ஒரு மேசை, எதிரே ஒருவர், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். எந்தத் திகதி, எந்தப் பாதை, யார் கூட்டி வந்தது. ஒரு திகதி மாறினால் முழு வாழ்க்கையும் பொய்யாகிவிடும்.

'டீற்றூர்' கதையைக் கேளுங்கோ. பியானோ வாசிக்கும் ஏழை ஒருவன் வழியில் வரும் கார்களை மறித்து நியூயோர்க்கில் இருந்து லொஸ் ஏஞ்சல்சுக்குப் போகிறான். ஏற்றிய மனிதர் வழியில் திடீரெனச் செத்துப் போகிறார். நான் கொல்லவில்லை என்று சொன்னால் பொலிஸ் நம்பாது என்ற பயத்தில், செத்தவரின் உடுப்பு, பணம், லைசென்ஸ், பெயர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காரை ஓட்டுகிறான். அதோடு அவனுடைய சொந்தப் பெயர் செத்துவிடுகிறது. 'த கில்லர்ஸ்' படத்திலே, உன்னைக் கொல்ல வருகிறார்கள், ஓடு என்று ஒருவன் ஓடிவந்து சொல்லியும், மற்றவன் கட்டிலில் படுத்தபடியே கிடக்கிறான். ஓடி ஓடிக் களைத்தவன் அவன். லாங்கின் 'நாம் வாழ்வது ஒருமுறை' (1937) படத்தில் இளம் தம்பதி எல்லையை நெருங்கும் நேரத்தில் சுடப்படுகிறார்கள். இவை குற்றக் கதைகள்தான். எழுதியவர்களில் அமெரிக்கரும் உண்டு. ஆனால் கமராவுக்குப் பின்னால் நின்றவருக்கு அந்தப் பயம் இரவல் பயம் இல்லை.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது பிரெட் சின்னமனின் 'அக்ற் ஒப் வயலன்ஸ்'. 1949இல் திரையரங்குகளில் ஓடிய படம். போரில் இருந்து திரும்பிய ஒருவர் சிறு நகரத்தில் மதிப்போடு வாழ்கிறார். வீடு, இளம் மனைவி, கைக்குழந்தை. ஒரு நாள் காலை இழுத்து இழுத்து நடக்கும் ஒருவன் துப்பாக்கியோடு அவரைத் தேடி வருகிறான். இருவரும் ஜேர்மன் கைதி முகாமில் ஒன்றாக இருந்தவர்கள். தோழர்கள் தப்ப இரகசியமாகச் சுரங்கம் வெட்டியதை இவர் முகாம் அதிகாரிக்குச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் செத்தார்கள். தப்பியவன் இந்த ஒருவன்தான். அவர்களைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று மனைவியிடம் தொடங்குகிறார் அந்தக் கனவான். பிறகு அவரே ஒத்துக்கொள்கிறார், அவர்கள் தந்த சாப்பாட்டைத் தான் சாப்பிட்டதை.

இந்தப் படத்தைப் பற்றி எமது சபையில் கதைப்பது இலேசு இல்லை. காட்டிக்கொடுத்தவன் என்ற சொல் எங்களிடையே எத்தனை பேரைத் தின்றது! பசியும் அடியும் தாங்காமல் சொன்னவர் உண்டு. சொல்லாமலே பழி சுமந்தவர் உண்டு. துரத்தி வந்தவரும் காயப்பட்டவர்தான். சின்னமனின் தாயும் தகப்பனும் நாசிகளால் கொல்லப்பட்டவர்கள். பழி வாங்கு எண்டு ஒரு படம் எடுக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் எடுத்தது, காட்டிக்கொடுத்தவனின் முகத்தையும் துரத்துபவனின் முகத்தையும் ஒரே அளவு பக்கத்தில் வைத்துப் பார்க்கிற படம். இந்தத் தைரியம் எங்களுடைய எழுத்தில் இன்னும் போதிய அளவு வரவில்லை என்பது என்னுடைய எண்ணம்.

அடைக்கலம் தந்த நாட்டிலும்

1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று ஹொலிவூட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடத் தொடங்கியது. தோழர்களின் பெயர்களைச் சொல்லு, அல்லது வேலையை இழ என்பதுதான் நிலை. 'மோல்ட்டீஸ் பல்கன்' எழுதிய ஹமெற், பிணைப்பணம் கட்டும் நிதிக்கு உதவியவர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்து 1951இல் சிறை போனார். அவருடைய கதாநாயகன் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஜூல்ஸ் டசின் என்ற அமெரிக்க நெறியாளர் வேலை கிடைக்காமல் ஐரோப்பாவுக்கு வந்து, பாரிசில் 'ரிபிபி' எடுத்து 1955இல் கான் விழாவில் நெறியாள்கைக்கான பரிசைப் பகிர்ந்துகொண்டார். பாரிசில் இருந்து அமெரிக்காவுக்கு ஓடியவர்களின் கலை, இப்போது அமெரிக்காவில் இருந்து பாரிசுக்கு ஓடி வந்தது.

தமிழில்

எங்களுக்கும் ஒரு நுவார் உண்டு. 1954இல் ஏவிஎம் தயாரித்த 'அந்த நாள்'. நெறியாள்கை வீணை வித்துவான் எஸ். பாலசந்தர். இசை மேதை எடுத்த அந்தப் படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை! துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்குகிறது. 1943இல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட காலம். வானொலிப் பொறியியலாளர் ஒருவர் கொல்லப்படுகிறார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சாட்சி சொல்ல, செத்தவர் நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்று தெரியவருகிறது. சிவாஜி கணேசன் துரோகியாக நடித்தார். குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) தந்த தூண்டுதல் என்பார்கள். மூத்தவர்கள் வீடியோவில் மீண்டும் எடுத்துப் பாருங்கோ.

2015இல் கான் விழாவில் முதற் பரிசு பெற்ற 'தீபன்' பிரெஞ்சுப் படம். ஜாக் ஓடியார் எடுத்தது. பாரிசில் அகதியாக வாழும் எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகன். செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போட்டில், ஒருவருக்கொருவர் உறவில்லாத மூவர் குடும்பமாக நடித்து பிரான்ஸ் வருகிறார்கள். செத்தவரின் பெயரில் வாழும் 'டீற்றூர்' நாயகன் எழுபது வருடம் கழித்துத் தமிழ் பேசினான்.

பிள்ளைகளின் திரையில்

பிள்ளைகள் எந்நேரமும் விளையாட்டு எண்டு நாங்கள் ஏசுகிறோம். அதற்குள்ளும் நுவார் இருக்கிறது. பின்லாந்தில் செய்த 'மக்ஸ் பெயின்' 2001இல் வந்தது. 2011இல் வந்த 'எல்.ஏ. நுவார்' 1947ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்சை அப்படியே கட்டி எழுப்பியது. நடிகர்களின் முகத்தை 32 கமராக்களால் பிடித்தார்கள். விளையாடுபவர் பொலிஸ்காரர். சாட்சியின் கண்ணையும் உதட்டையும் பார்த்து, உண்மையா, சந்தேகமா, பொய்யா என்று தீர்மானிக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் அந்த மேசையின் மறுபக்கத்தில் இருந்து விளையாடுகிறார்கள்! எஸ்தோனிய எழுத்தாளர்கள் செய்த 'டிஸ்கோ எலீசியம்' 2019இல் வந்தது. தோற்றுப்போன புரட்சி ஒன்றின் இடிபாடுகளுக்கிடையே, தன் பெயரையே மறந்துபோன ஒரு பொலிஸ்காரன் கண் விழிக்கிறான். அந்த நகரத்தை இப்போது ஆளுவது வெளிநாட்டுக் கூட்டணி. அதில் சுடுவதை விடக் கதைப்பதுதான் அதிகம். இவை வளர்ந்தவர்களுக்கான விளையாட்டுகள், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பதினெட்டைத் தாண்டிய பிள்ளை விளையாடினால் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து பாருங்கள்.

நுவாரின் கவர்ச்சி தொப்பியிலும் புகையிலும் இல்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். பழையது பின்னால் வருகிறது, பத்திரம் சரியில்லை, சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனாலும் ஒருவன் தன் கதையைத் தொடக்கத்தில் இருந்து சொல்லுகிறான். எந்த நாட்டவனும் வாழ்க்கையில் ஒருமுறையாவது அந்த இடத்தில் நின்றிருப்பான். அகதி தினமும் நிற்கிறான்.

ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். வைல்டரும் சியொட்மாக்கும் உல்மரும் தங்களுடைய சொந்த ஓட்டத்தைத் தங்கள் பெயரிலேயே கதையாக எடுக்கவில்லை. காப்புறுதிக்காரனின் கதைக்குள்ளும் பியானோக்காரனின் கதைக்குள்ளும் ஒளித்து வைத்தார்கள். அதுவே பெருங்கலையாயிற்று, சரி. ஆனால் நாங்கள் எல்லோரும் வைல்டர் இல்லை. நாங்கள் ஒளித்து வைத்தால் அது ஒளிந்தே போய்விடும். விசாரணை அதிகாரிக்குச் சொன்ன கதை ஏதோ ஒரு கோப்பில் கிடக்கிறது. அதில் திகதிகள் இருக்கும், பயம் இருக்காது. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை வேறு. அதில் நாங்கள் செய்தவையும் வரட்டும், எங்களுக்குச் செய்தவையும் வரட்டும். வருடம் பிறந்த கையோடு, ஒரு மாலை விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, தொடங்குங்கோ.

அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்.